கலந்தார்கள், சரி — கணக்கு எங்கே?

சனிக்கிழமை இரவு. ஜெயங்கொண்டத்துக் கூட்டம் முடிந்து அரியலூர் திரும்பிக்கொண்டிருந்தோம். உடையார்பாளையம் தாண்டி, வி.கைகாட்டியை நெருங்கும் இடம். சிமெண்ட் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் புழுதியை வாரி இறைத்துக்கொண்டு போகின்றன. அந்தப் புழுதிக்கும் இருளுக்கும் நடுவே உழைப்பாளித் தோழர் ஒருவர் தம் டி.வி.எஸ். எக்ஸ்.எல். வண்டியைத் தள்ளிக்கொண்டு நடக்கிறார். நிறுத்தினோம்.

"என்ன தோழரே, பஞ்சரா?"

"பஞ்சர் இல்லீங்க அண்ணே, பெட்ரோல் தீந்துபோச்சு."

"பார்த்துப் போட்டுக்கொண்டு வரக்கூடாதா?"

அவர் சிரித்தார். சிரிப்பிலே சோர்வு தெரிந்தது. "பாத்துதாண்ணே போட்டேன். ஆலைக்குப் போக முப்பது, வர முப்பது. திங்கக்கிழமை முந்நூறு ரூபாய்க்கு, வியாழக்கிழமை முந்நூறு ரூபாய்க்கு. ரெண்டு மூணு வருஷமா இதுதான் என் கணக்கு. சனிக்கிழமை ராத்திரி வீடு போய்ச் சேர்ந்த பிறகும் டாங்கிலே கொஞ்சம் மிச்சம் கிடக்கும். இப்போ மிச்சமும் இல்லே, வீடும் வரலே!"

எங்கள் வண்டியிலிருந்து ஒரு பாட்டிலில் பிடித்துக் கொடுத்தோம். ஊற்றி மூடிவிட்டு, வண்டியைக் கிளப்புவதற்கு முன் ஒரு கேள்வி கேட்டார்.

"நீங்க மேடையிலே பேசுறவங்க. ஒண்ணு சொல்லுங்க. பங்க்கிலே விலை ஏறலே. மீட்டர் சரியாத்தான் ஓடுது. வண்டியும் அதே வண்டி, ரோடும் அதே ரோடு. அப்போ என் கிலோமீட்டரை எடுத்தது யாரு?"

தோழர்களே! இரண்டு மணி நேரம் மேடையில் முழங்கிவிட்டு வந்த எனக்கு, அந்த ஒரு கேள்விக்கு அந்த இடத்தில் பதில் சொல்ல நா எழவில்லை. இன்று இந்த ஏட்டின் வாயிலாகச் சொல்கிறேன்.

மோட்டார் சைக்கிள் சிலருக்குப் பொழுதுபோக்கு. நமக்கோ அது கால்! பெரம்பலூர் நகருக்கு ரயில் இல்லை. அரியலூருக்கு ரயில் உண்டு. ஆனால் ஆலைக்கும் சுரங்கத்துக்கும் ஷிப்டு நேரம் பார்த்து ரயில் வருவதில்லை, பஸ்ஸும் வருவதில்லை. செந்துறையிலிருந்தும் திருமானூரிலிருந்தும் ஆண்டிமடத்திலிருந்தும் வேலைக்கு வருகிறவன் எதை நம்பி வருகிறான்? நூறு சி.சி. எஞ்சினை நம்பி வருகிறான். அரிசி மூட்டையும் அதிலேதான். ஆட்டுத் தழையும் அதிலேதான். காய்ச்சலில் துவளும் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்வதும் அதிலேதான். நாலே லிட்டர் கொள்ளும் டாங்க் அந்த எக்ஸ்.எல். வண்டிக்கு. பணக்காரன் காரில் பெட்ரோல் குறைந்தால் முள் காட்டும், விளக்கு எரியும், மணி அடிக்கும். பழைய எக்ஸ்.எல்லில் முள் ஏது? உழைப்பவன் தன் பெட்ரோலை ரூபாயால் அளக்கிறான், தூரத்தால் அளக்கிறான். அந்த அளவு பொய்த்தால் நடுவழியில் நிற்கிறான்!

ஓசூரில் பிறந்து 1980இல் ஓடத் தொடங்கியது டி.வி.எஸ். 50. நாலு ஸ்ட்ரோக் எக்ஸ்.எல். 100 வந்தது 2015இல். அதற்கு முந்திய காலத்தை எண்ணிப் பாருங்கள். அன்றும் பெட்ரோலில் கலந்தார்கள், எண்ணெயை! ஆனால் எப்படிக் கலந்தார்கள்? நம் கண்ணெதிரே கலந்தார்கள். "இத்தனை லிட்டருக்கு இத்தனை மில்லி ஆயில்" என்று அளவு சொல்லிக் கலந்தார்கள். அதற்கு விலை தனி, கணக்கு தனி. பள்ளிக்கூடம் பாராதவனுக்கும் தன் டாங்கிலே என்ன இருக்கிறதென்று தெரியும். இன்றோ, பட்டம் பெற்றவனைக் கேட்டாலும் விழிக்கிறான்!

இன்று கலப்பது என்ன? எத்தனால். கரும்புப் பாகின் கழிவிலிருந்தும், மக்காச்சோளத்திலிருந்தும், அரிசியிலிருந்தும் வடிக்கும் எரிசாராயம். குடித்துவிட்டு வண்டி ஓட்டினால் தண்டம் என்கிறது சட்டம். வண்டிக்கே ஊற்றிக் கொடுப்பது திட்டம் என்கிறது டில்லி! வேடிக்கைக்காகச் சொன்னேன், வினையை இனிச் சொல்கிறேன்.

2018இல் உயிர் எரிபொருள் கொள்கை வகுத்தார்கள். நூற்றுக்கு இருபது பங்கு எத்தனால் கலப்பதற்கு 2030 என்று கெடு வைத்தார்கள். பிறகு அந்தக் கெடுவை 2025-26க்கு இழுத்துக்கொண்டு வந்தார்கள். 2022 ஜூனில் நூற்றுக்குப் பத்து எட்டிவிட்டோம் என்று அறிவித்தார்கள். 2023 பிப்ரவரி 6ஆம் நாள் பெங்களூரில் இருபதுக்குத் தொடக்க விழா நடத்தினார்கள். 2025இல் நாடெங்கும் இருபதைத் தொட்டுவிட்டார்கள். விழா உண்டு, விளம்பரம் உண்டு, விளக்கு அலங்காரம் உண்டு. டாங்க் மூடியைத் திறந்து நிற்கும் தொழிலாளியிடம் ஒரு வார்த்தை உண்டா?

எரிசாராயத்தின் குணத்தைக் கேளுங்கள். ஒரு லிட்டர் பெட்ரோலில் இருக்கும் எரிசக்தியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கிறது. இருபது பங்கு கலந்தால், நூறில் ஆறு ஏழு பங்கு சக்தி குறைகிறது. ஆனால் எத்தனாலுக்கு ஒரு நல்ல குணமும் உண்டு. அதை மறைப்பது நேர்மை ஆகாது. எஞ்சினில் தட்டல் ஓசை வராமல் தாங்கும் ஆக்டேன் பலம் அதற்கு மிகுதி. அந்தப் பலத்துக்கு ஏற்ப எஞ்சினை அமைத்துவிட்டால், இழந்த சக்தியில் ஒரு பகுதியை மீட்கலாம். 2023 ஏப்ரல் முதல் வரும் வண்டிகளின் பாகங்கள் இருபது பங்கு எத்தனாலைத் தாங்கும்படி செய்யப்பட்டவை. 2025 ஏப்ரல் முதல் வருபவை அதற்கென்றே எஞ்சின் சீர் செய்யப்பட்டவை.

நல்லது. ஆனால் 2025இல் வாங்கிய புது வண்டி யாரிடம் இருக்கிறது? நம் தோழனிடம் இருப்பது இரண்டு கை மாறி வந்த பழைய வண்டி. 2020க்கு முந்தியதென்றால் அதில் கார்புரேட்டர். கார்புரேட்டருக்கு மூளை கிடையாது. ஒரே துளை, ஒரே அளவு. என்ன ஊற்றினாலும் அதே அளவுதான் விடும். எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் அடங்கியிருக்கிறது. ஆகவே காற்று மிஞ்சி எரிபொருள் குறைந்த கலவையாகி விடுகிறது. மேட்டில் மூச்சு வாங்குகிறது வண்டி. காலைக் குளிரில் கிளம்ப மறுக்கிறது. ஓட்டுகிறவன் ஆக்சிலேட்டரை இன்னும் கொஞ்சம் முறுக்குகிறான். போயிற்று கிலோமீட்டர்!

இதை நான் சொன்னால் கட்சிக்காரன் பேச்சு என்பார்கள். டில்லியின் சொந்த நிதி ஆயோக் 2021இல் வெளியிட்ட அறிக்கையே சொல்கிறது: பத்து பங்குக்குச் சீர் செய்த இருசக்கர வண்டியில் இருபது பங்கு ஊற்றினால், நூற்றுக்கு மூன்று முதல் நான்கு வரை மைலேஜ் குறையும் என்று. பழைய வண்டிகளில் ரப்பர்ப் பாகங்களை முன்கூட்டி மாற்ற நேரலாம் என்று பெட்ரோலிய இலாகா 2025 ஆகஸ்டில் ஒப்புக்கொண்டது. "செலவு சொற்பம்" என்றும் சேர்த்துச் சொன்னது. சொற்பமா? யாருக்குச் சொற்பம்? அளந்து பார்ப்போம், வாருங்கள்.

நம் தோழனின் கணக்கையே எடுப்போம். நாளுக்கு 60 கிலோமீட்டர். மாதம் 26 நாள் வேலை. ஆண்டுக்கு 18,720 கிலோமீட்டர். லிட்டருக்கு 60 கொடுத்த வண்டிக்கு 312 லிட்டர் போதும். நூற்றுக்கு நான்கு குறைந்து, 57.6 என்று ஆனால்? 325 லிட்டர் வேண்டும். 13 லிட்டர் கூடுதல்! லிட்டர் நூறு ரூபாய் என்றே வைப்போம். ஆண்டுக்கு 1,300 ரூபாய். 2025-26ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவித்த நாட்கூலி 336 ரூபாய். ஏறத்தாழ நான்கு நாள் கூலி, தோழர்களே! வெயிலில் நின்று மண் வெட்டிய நான்கு நாள்! அது கண்ணுக்குத் தெரியாமல் டாங்கின் வழியே வடிந்து போகிறது.

விலைப் பலகையில் ஒரு காசு ஏறவில்லை. ஆனால் நூறு ரூபாய்க்கு அறுபது கிலோமீட்டர் போனவன், ஐம்பத்தேழரையோடு நிற்கிறான். மளிகைக் கடைக்காரன் ஒரு கிலோவுக்கு 960 கிராம் நிறுத்தால் என்ன சொல்வோம்? தராசைப் பறிமுதல் செய் என்போம். இங்கே லிட்டர் குறையவில்லை. லிட்டருக்குள் இருந்த வழி குறைந்தது. ஒளிந்து ஏறிய விலை இது. தோழர் கேட்டாரே, கிலோமீட்டரை எடுத்தது யாரென்று — இதுதான் பதில்.

"நாட்டுக்காகத்தானே! அந்நியச் செலாவணி மிச்சம். 2014-15 முதல் 2025 ஜூலை வரை 1 லட்சத்து 44 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் மிச்சம்" என்கிறார்கள். மகிழ்ச்சி! மிச்சம் பிடித்தது நாடு. அந்த மிச்சத்தில் மைலேஜ் இழந்தவனுக்கு எவ்வளவு? அதே நிதி ஆயோக் அறிக்கை இன்னொன்றும் சொன்னது. கலப்புப் பெட்ரோலின் விலை சாதாரணப் பெட்ரோலைவிடக் குறைவாக இருக்க வேண்டும். சக்தி குறைவதற்கு அது ஈடாகும் என்றது. மைலேஜ் குறையும் என்று எழுதிய பக்கம் நடைமுறைக்கு வந்துவிட்டது. விலை குறையட்டும் என்று எழுதிய பக்கம் மட்டும் அலமாரியில் தூங்குகிறது!

கேட்டால் என்ன பதில்? "அன்று எத்தனால் மலிவு, இன்று விலை ஏறிவிட்டது. 2025 ஜூலை வரையிலான கணக்கில் சராசரிக் கொள்முதல் விலை லிட்டர் 71 ரூபாய் 32 காசு. சுத்திகரித்த பெட்ரோலின் அடக்கத்தைவிட இதுவே அதிகம்" என்கிறார்கள். இருக்கட்டும். அடக்க விலை மட்டுமா பங்க்கில் வாங்குகிறார்கள்? அதன் தலைமேல் வரி உட்கார்ந்திருக்கிறதே! 2025 ஏப்ரலில் உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் சரிந்தபோது, வாங்குகிறவனுக்கு விலையை இறக்கவில்லை. கலால் வரியை லிட்டருக்கு 2 ரூபாய் ஏற்றிக்கொண்டார்கள். ஏற்றத் தெரிந்த கைக்கு இறக்கவும் தெரிய வேண்டாமா?

எத்தனால் கலக்காத பெட்ரோலும் கிடைக்க வழி செய்யுங்கள், கலப்பு அளவைப் பங்க்கிலே எழுதி வையுங்கள் என்று கேட்டுச் சுப்ரீம் கோர்ட் படியேறினார்கள். 2025 செப்டம்பர் 1ஆம் நாள் அந்த மனு தள்ளுபடி ஆயிற்று. கோர்ட்டில் கதவு மூடினால் மக்கள் மன்றத்தில் கதவு திறந்துதானே இருக்கிறது?

வெளிநாட்டைப் பார் என்கிறார்கள். பார்ப்போமே! பிரேசிலைக் காட்டுகிறார்கள். 27 பங்கு கலந்த நாடு; 2025 ஆகஸ்டில் 30 ஆக்கிய நாடு. ஆனால் அங்கே 2003 முதல் எதை ஊற்றினாலும் ஏற்றுக்கொள்ளும் எஞ்சின் வந்துவிட்டது. எத்தனாலுக்குத் தனிக் குழாய் உண்டு. எத்தனால் விலை பெட்ரோல் விலையில் நூற்றுக்கு எழுபதுக்குக் கீழே இருந்தால் எத்தனால் போடுவான். மேலே போனால் பெட்ரோல் போடுவான். கணக்கு அவன் கையில்! அமெரிக்காவில் 15 பங்கு கலந்ததை மோட்டார் சைக்கிளுக்குப் போடக்கூடாது என்றே விதி; குழாயின் மேலேயே எச்சரிக்கை ஒட்டியிருக்கிறது. பிரிட்டனில் 2021இல் பத்து பங்குக்கு மாறினார்கள். பழைய வண்டிகளுக்காக ஐந்து பங்குப் பெட்ரோலையும் உயர்ரகக் குழாயில் விட்டு வைத்தார்கள். அங்கெல்லாம் குழாயைப் பார்த்தால் உள்ளே இருப்பது தெரியும். அந்தப் பக்கத்தை மட்டும் நம் தலைவர்கள் படிக்காமல் புரட்டிவிட்டார்களா?

இங்கே ஒரு சூழ்ச்சிக்கு நாம் இரையாகக் கூடாது. "எத்தனாலைக் குறை சொல்கிறாயா? அப்படியானால் நீ விவசாயிக்குப் பகைவன்" என்று கிளப்பிவிடுவார்கள். பெரம்பலூர் மக்காச்சோளச் சீமை. 2018இல் படைப்புழு வந்து பயிரைத் தின்றபோது அந்த மக்களின் கண்ணீரைக் கண்டவர்கள் நாம். சோளம் விதைப்பவனும், எக்ஸ்.எல். ஓட்டுபவனும் வேறு வேறு ஆளா? பல வீட்டில் ஒரே ஆள்! களத்திலிருந்து சோள மூட்டையைச் சுமந்து வருவதே அந்த வண்டிதானே!

அவனுக்கும் ஒரு கணக்குக் கேட்போம். ஒரு டன் மக்காச்சோளத்தில் ஏறக்குறைய 380 லிட்டர் எத்தனால் என்பது சர்க்கார் கணக்கு. ஒரு குவிண்டாலுக்கு 38 லிட்டர். 2024-25இல் மக்காச்சோள எத்தனாலுக்கு அறிவித்த விலை லிட்டர் 71 ரூபாய் 86 காசு. ஆக, ஒரு குவிண்டால் சோளம் வடிசாலைக்குள் போய் 2,730 ரூபாயாக வெளியே வருகிறது. அந்த ஆண்டு விவசாயிக்கு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை 2,225 ரூபாய். அறிவித்த விலை இது; களத்துமேட்டில் கைக்கு வந்தது எவ்வளவு என்று உங்கள் ஊர் விவசாயியையே கேளுங்கள். எத்தனால் லிட்டருக்கு நிச்சயமான விலை வைத்த டில்லி, சோளத்துக்கும் அதே நிச்சயத்தை வைக்கட்டும். ஆகவே நம் வழக்கு விவசாயியோடு அல்ல. இருவருக்கும் நடுவில் நின்று கணக்கை மறைக்கும் கையோடுதான்!

இன்னொரு எச்சரிக்கையும் சொல்லவேண்டும். பகுத்தறிவு பேசும் நாம் வதந்திக்கு வாடகை வண்டியாகக் கூடாது. "எஞ்சின் வெடித்துவிடும்", "ஒரே மாதத்தில் வண்டி குப்பை" என்று கைப்பேசியில் வருவதையெல்லாம் பரப்பாதீர்கள். மைலேஜ் குறைந்தால் எடுத்த எடுப்பில் எத்தனால் மேல் பழி போடாதீர்கள். நம் ஊர் சுண்ணாம்புக்கல் சீமை. ஒரு காலத்தில் கடல் கிடந்த மண். சாத்தனூரில் மரமே கல்லாய்க் கிடக்கிறது. அந்தக் கல்லின் புழுதி காற்று வடிகட்டியை அடைத்தால், புதுப் பெட்ரோல் பழைய பெட்ரோல் எல்லாம் ஒன்றுதான். வண்டி குடித்துத் தீர்க்கும். முதலில் வடிகட்டியைத் துடையுங்கள், டயரில் காற்றைப் பாருங்கள், செயினைச் சரி செய்யுங்கள். பிறகு அளந்து பாருங்கள். டாங்கை நிரப்பி, ஓடிய கிலோமீட்டரைக் குறித்து, மறுபடி நிரப்பும்போது எத்தனை லிட்டர் பிடித்தது என்று எழுதுங்கள். மூன்று தடவை எழுதினால் முடிவு தெரியும். ஒரு ஆள் எழுதினால் அது குறை. நூறு ஆள் எழுதினால் அது சாட்சியம்!

பெட்ரோலில் தண்ணீர் என்ற புகாரையும் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். எத்தனால் தண்ணீரை இழுக்கும் குணம் உடையது. கொஞ்சம் ஈரமென்றால் தன்னோடு கலந்து வைத்துக்கொள்ளும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலைவிட்டுப் பிரிந்து அடியில் தங்கிவிடும். ரிசர்வில் திருப்பினால் வருவது எது? அடியில் கிடப்பது! மழை நாளில் ரிசர்வில் திருப்பியவுடன் வண்டி இருமி நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். டாங்க் மூடியின் ரப்பர் நைந்திருந்தால் மாற்றுங்கள். மழையில் வண்டியைத் திறந்தவெளியில் போடாதீர்கள். பெட்ரோல் குழாய் பிசுபிசுத்தாலோ வெடித்தாலோ உடனே மாற்றுங்கள். கசியும் குழாய் தீக்குத் திறந்த வாசல். அதே சமயம், கலப்புப் பெட்ரோலில் தண்ணீரை ஊற்றிக் குலுக்கிப் பார்த்து, அடியில் தண்ணீர் கூடிவிட்டது என்று பங்க்குத் தொழிலாளியின் சட்டையைப் பிடிக்காதீர்கள். பெட்ரோலில் இருந்த எத்தனால் தண்ணீரோடு இறங்குவதால் கூடுவது அது. அவனும் நம்மைப் போல நாட்கூலிதான்!

ஆனால் உரிமையை விடாதீர்கள். அளவில் ஐயமா? முத்திரையிட்ட 5 லிட்டர் அளவுக் குவளையில் பிடித்துக் காட்டச் சொல்லுங்கள். 25 மில்லிக்கு மேல் குறைந்தால் தவறு. தரத்தில் ஐயமா? வடிதாள் சோதனை கேளுங்கள். அன்றைய அடர்த்திக் குறிப்பைக் கேளுங்கள். இவையெல்லாம் சலுகை அல்ல, உரிமை. ரசீது வாங்குங்கள். நூறு ரூபாய்க்குப் போடுகிறவனுக்கும் ரசீது உண்டு!

நம் கோரிக்கைகளையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு குழாயிலும் கலப்பின் அளவைத் தமிழில், கண்ணில் படும் எழுத்தில் எழுது! பழைய வண்டிக்குப் பத்து பங்குப் பெட்ரோலும் கிடைக்கச் செய்! இல்லையென்றால் குறைந்த மைலேஜுக்கு ஈடாக வரியைக் குறைத்து விலையை இறக்கு! பழைய வண்டிகளின் ரப்பர்ப் பாகங்களை மாற்றும் செலவை உழைப்பவன் தலையில் கட்டாதே! புதிதாக எதையும் கேட்கவில்லை. உங்கள் நிதி ஆயோக் எழுதிய வாக்கியத்துக்கு உயிர் கொடு என்றுதான் கேட்கிறோம்.

தோழர்களே! அந்த இரவு நாங்கள் நின்ற இடத்துக்கு அருகிலிருக்கும் ஊரின் பெயர் கைகாட்டி. எந்தத் திசையில் எந்த ஊர் என்று வழிப்போக்கனுக்குச் சொல்வதுதான் கைகாட்டி. இருட்டிலே வருகிறவன் ஏமாறக் கூடாது என்ற பண்பு அந்தப் பெயரிலே இருக்கிறது. பங்க்கிலே அந்தக் கைகாட்டி எங்கே? "இதில் இவ்வளவு எத்தனால், இது உன்னை இவ்வளவு தூரம் கொண்டுபோகும்" என்று சொல்லும் கை எங்கே?

அந்தக் கை வரும்வரை நம் கை சும்மா இருக்க வேண்டாம். வண்டிப் பெட்டியில் ஒரு சின்ன நோட்டு வையுங்கள்; தேதி, ரூபாய், லிட்டர், கிலோமீட்டர் என்று நாலு கட்டம் போடுங்கள். சனிக்கிழமை இரவு வண்டி தள்ளிய தோழரிடம் நான் சொல்லத் தவறியது இதுதான். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது அந்த நோட்டோடு வரட்டும். என் கையிலிருக்கும் குறிப்புச் சீட்டை வைத்துவிட்டு, அவருடைய நோட்டைத்தான் மேடையிலே படிக்கப் போகிறேன்.